பாலத்துக்கு அடுத்த ஸ்டாப்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் இரண்டாவது வருடம் நடக்கிறது. போனதற்குக் காரணம் என் முழங்கால். மாடிப்படி ஏற முடியாமல் போனதும், கப்பலில் வேலை பார்க்கிற என் உடன்பிறந்தவன் போனில் கூப்பிட்டு, "அக்கா, நம்ம வீடு கீழ்வீடுதானே. வந்து இரேன். அவளுக்கும் துணையாச்சு" என்றான். அவன் வருடத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பவன். துணை என்றது தன் மனைவிக்கு. நானும் தையல் மிஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினேன்.

வந்த அன்றே குளிக்கப் போனேன். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைத் தேடினால் காணோம். அது இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளிக்கிற வித்தை எனக்குத் தெரியாது. வெளியே வந்து சத்தம் போட்டேன்.

"என்ன வீடும்மா இது? பொம்பளைங்க புழங்குற குளியலறைக்கு ஒரு தாழ்ப்பா கூடவா கிடையாது?"

"உள்ள இருக்கும்போது பாடிக்கிட்டே இருங்க அண்ணி. யாரும் வர மாட்டாங்க" என்றாள் என் உடன்பிறந்தவன் மனைவி. கிண்டல் பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அவளுக்கு நான் வைத்த பெயர் கேள்விக்காரி. பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. நாளெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாள். யார் சிகிச்சையில் நிலைக்கிறார்கள், யார் பாதியில் போகிறார்கள், போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அந்தப் புத்தி வீட்டிலும் விடாது. "குழம்புல உப்பு எப்படி அண்ணி? குறைவா, சரியா, அதிகமா?" என்பாள். நான் யோசித்தால், "தெரியாதுன்னும் சொல்லலாம்" என்று சேர்த்துக்கொள்வாள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். அவள் அப்பா, டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். இன்னொருவன் அவள் தம்பி, சின்னவன். அவள் என்னை அண்ணி என்கிறாள் என்று அவனும் அண்ணி என்றே கூப்பிடுவான். முறைப்படி தப்பு. ஆனால் அத்தனை பிரியமாகக் கூப்பிடுபவனை எப்படித் திருத்துவது?

சின்னவன் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன். முதுகில் அடிபட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போனது, மாத்திரை போகவில்லை. மாத்திரை கிடைக்காத நாளில் தெருவில் விற்கிற பொடிக்குப் போனான். இதை நான் ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த வீடு இதற்குள் நாலைந்து வருடம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறது.

தாழ்ப்பாள் கதையை டிரைவர்தான் எனக்குச் சொன்னார். கேள்விக்காரி கூப்பிடுகிற வீடுகளில் சில சமயம், "அவன் இல்லைங்க, போய்ட்டான்" என்று பதில் வருமாம். அப்போதும் போனை வைக்கக் கூடாது. வருத்தம் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதித்தால் மீதிக் கேள்விகளையும் கேட்க வேண்டும். அதில் ஒன்று, உயிர் போன நேரத்தில் அருகில் யாராவது இருந்தார்களா என்பது. பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்களாம். "பக்கத்து ரூம்லதாங்க இருந்தோம்." டிவி பார்த்துக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பதிலைக் கேட்ட நாள் சாயங்காலம், வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினாளாம். "யாரும் ஒண்ணும் கேக்கல. எங்க எல்லாருக்கும் புரிஞ்சுது" என்றார் டிரைவர்.

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். உள்ளே போகிறவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேள்விக்காரி கணக்கு வாய்ப்பாடு சொல்வாள். டிரைவர் இருமுவார். சின்னவன் உள்ளே போனால் மட்டும் டிரைவர் ஒரு நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்காருவார். அவர் முப்பது வருடம் ஓட்டியது பதினேழாம் நம்பர் வண்டி. அந்த வழியில் ஒரு ஸ்டாப் பெயரைச் சொல்வார். உள்ளேயிருந்து சின்னவன் அடுத்த ஸ்டாப்பைச் சொல்ல வேண்டும்.

"ரயிலடி?"

"மணிக்கூண்டு."

"மணிக்கூண்டு?"

"பெரியாஸ்பத்திரி."

"பெரியாஸ்பத்திரி?"

"பாலம். அப்பா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கட்டுமா, விடுவீங்களா?"

"பாலம்?"

"சந்தை, சந்தை."

இப்படி மில் வாசல், தண்ணித் தொட்டி, பள்ளிக்கூடம் என்று டிப்போ வரை போவார்கள். குளிப்பவன் குளித்துவிட்டு வருவதற்குள் எனக்கே ஊர் சுற்றி வந்த அலுப்பு வந்துவிடும். என் மிஷின் குளியலறைக்கு முன்னால் இருந்த நடையில்தான் இருந்தது. வேறு இடம் இல்லை. மிஷின் ஓடினால் பதில் கேட்காது என்று, சின்னவன் உள்ளே போகும்போதெல்லாம் நான் மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க நாள் குறித்திருக்கும். "உங்க மவன் குளிக்கிற வேகத்துக்கு நான் தைச்சா, பிள்ளைங்க படிப்பை முடிச்சிட்டுத்தான் சட்டை போடும்" என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே ஒன்று சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். அளவு மீறி மூச்சு அடங்கிப் போனால், அதை மூக்கில் அடித்து, ஆம்புலன்சைக் கூப்பிட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். கேள்விக்காரி எனக்கும் கற்றுக் கொடுத்தாள். தலையணைதான் ஆள். நான் அதைப் பிடித்த பிடியில், "அண்ணி, காப்பாத்தணும், கழுத்தை நெரிக்கக் கூடாது" என்றாள். டிரைவர் முறை வந்தபோது அவர் தலையணையை மெல்ல மல்லாத்தினார். ஓரத்தைத் தடவிக் கொடுத்தார். "டேய், எழுந்திருடா. அப்பா கூப்பிடறேன்டா" என்றார். அதற்கப்புறம் எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாகச் சின்னவனுக்குச் சிகிச்சையில் இடம் கிடைத்தது. காத்திருப்போர் வரிசையில் மாதக்கணக்கில் நின்று கிடைத்த இடம். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் ஒரு கவுன்டர். தினம் காலையில் போக வேண்டும். அட்டையைக் காட்டினால், ஒரு சின்னக் கப்பில் சிரப் ஊற்றுவார்கள். அவர்கள் கண்ணெதிரே குடித்துவிட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டு வர வேண்டும். அதைக் குடித்தால் உடம்பு நடுங்காது, பொடியைத் தேடாது. மூன்று மாதத்தில் அவன் வேறு ஆளானான். சாப்பிட்டான், தூங்கினான், என்னை வம்புக்கு இழுத்தான். மீதித் துணியில் எனக்கு ஒரு பை தைத்துத் தரேன் என்று உட்கார்ந்து, மிஷின் ஊசியை உடைத்தான். அவன் முகத்தில் சதை பிடித்ததைப் பார்த்து நானே திருஷ்டி பட்டுவிடுமோ என்று பயந்தேன்.

அப்புறம் ஒரு பேக்கரி தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. சேதி வந்த அன்று டிரைவர் கடைக்குப் போய்ப் புதுப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தார். கேள்விக்காரிதான் அதைக் கதவில் பொருத்தினாள். "ஊர்ல எல்லாருக்கும் கதவைப் பூட்டாதேன்னு சொல்றவ நீ" என்றேன்.

"அவனுக்கும் மானம்னு ஒண்ணு இருக்கு அண்ணி. வேலைக்குப் போறவன் எத்தனை நாளைக்கு ஸ்டாப் பேரு சொல்லிக்கிட்டே குளிப்பான்? நாம நம்பறோம்னு அவனுக்குத் தெரியணும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. சின்னவன் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். டக் என்று கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வேண்டுமென்றே அந்த நிசப்தத்தை அனுபவித்துக்கொண்டு நின்றான் போலிருக்கிறது. வெளியே நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டிரைவரால் தாங்க முடியவில்லை. ஒரு தரம் இருமினார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. "இருக்கேன்பா, இருக்கேன்."

கவுன்டர் திறப்பது எட்டு மணிக்கு, மூடுவது பத்துக்கு. பேக்கரியில் வேலை தொடங்குவது ஏழுக்கு. இந்த இரண்டு வரியில் எங்கள் கதை முடிந்தது. முதல் சூப்பர்வைசர் நல்லவர். பல் வைத்தியம் என்று சின்னவன் சொன்ன பொய்யை நம்புவதுபோல் காட்டி, காலையில் ஒரு மணி நேரம் வெளியே விட்டார். அவர் மாறிப் போனார். வந்தவர், "தினமும் பல் வலிக்கிறவனுக்கு வாயில பல்லே இருக்காது. இருந்தா வேலைக்கு இரு, இல்லைன்னா போ" என்றார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சின்னவன் ஒரு நாள் போகவில்லை. மறுநாள் சரக்கு நிறைய, போக முடியவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே. நடுங்குகிற கையை மாவுக்குள் மறைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். எங்களிடம் மூச்சு விடவில்லை. நாலாம் நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கவுன்டருக்குப் போனால் அட்டை செல்லாது என்றார்கள். தொடர்ந்து மூன்று நாள் வராதவர்களை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. மறுபடியும் வேண்டுமென்றால் வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றவன் இதற்காகச் சொல்லவில்லை. மூன்று நாள் வயிற்று வலிக்காரன் வராவிட்டால் எந்த ஆஸ்பத்திரியாவது இனிமேல் உனக்கு மருந்தில்லை என்று சொல்லுமா? நோய் முற்றினால்தானே மருந்து வேண்டும்.

கேள்விக்காரி அன்று வேலைக்குப் பாதி நாள் விடுப்புப் போட்டாள். "சும்மா கூட வாங்க அண்ணி" என்றாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. முழங்காலை இழுத்துக்கொண்டு போனேன். கம்பி போட்ட சின்ன ஜன்னல். தரையில் மஞ்சள் கோடு. உள்ளே இருந்த பெண்ணுக்கு இவளை நன்றாகத் தெரியும், ஆராய்ச்சிக்காக எத்தனையோ தரம் இங்கே வந்திருக்கிறாள்.

"மேடம், நீங்களே இப்படி வந்து கேட்டா நான் என்ன பண்ணுவேன்? கம்ப்யூட்டர்ல பேரே வரல. பேரு வராம சொட்டு மருந்து எடுத்தாலும் என் வேலை போயிடும்."

"அவன் வேலைக்குப் போனதாலதான் வரல. ஓடிப் போகல."

"தெரியும் மேடம். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நீங்கதானே அதை எழுதினீங்க."

இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அந்தப் பெண் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். திட்டலாம் என்று வாயெடுத்தவள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

அங்கிருந்து நேரே அவள் ஆபீசுக்குப் போனோம். வரிசையாகத் தடுப்பு வைத்த மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒருத்தி ஹெட்போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். ஏசி ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி. அவள் தலைவி ஒரு டாக்டரம்மா. தலைமுடி வாராமல், டீ ஆறிப் போன கப்போடு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

சிகிச்சையிலிருந்து நீக்கப்பட்ட முதல் சில வாரங்களில்தான் அதிகம் பேர் சாகிறார்கள் என்பதுதான் இவர்கள் இத்தனை நாளும் கண்டுபிடித்தது. ஏன் என்று கேள்விக்காரி எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். "உடம்பு பழைய அளவை மறந்துபோயிருக்கும் அண்ணி. கை மறந்திருக்காது." சாயங்காலமும் கவுன்டர் திறக்க வேண்டும், வராததற்காக யாரையும் நீக்கக் கூடாது என்று அறிக்கை எழுதி, கொள்கை வகுக்கிற கமிட்டிக்கு அனுப்பியும் ஆகிவிட்டது.

"கமிட்டி என்ன சொல்லுது?" என்று நான் கேட்டேன். எனக்கு என்ன பயம், நான் என்ன அங்கே சம்பளம் வாங்குகிறேனா?

"திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. இன்னும் கொஞ்சம் புள்ளிவிவரம் வேணுமாம்."

"இன்னும் எத்தனை பேர் செத்தா போதுமாம்?"

"அதை மட்டும் எழுதிக் கேக்கல" என்றார் டாக்டரம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டுக் களைத்தவரின் குரல் அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அங்கே சாமியும் பூசாரியுமாக எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது அவர் கேள்விக்காரியிடம், "ஸ்ப்ரே வீட்டுல இருக்கில்ல? காலாவதி தேதி பாத்தியா?" என்றார். அவரால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு கேள்விதான்.

காசு கட்டிப் பார்க்கிற இடங்களுக்கும் போனோம். அந்தச் சிரப்பைக் கொடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லையாம். சின்னவன் வரிசையில் மறுபடி பெயர் கொடுத்தான். பேக்கரிக்கும் போய்க்கொண்டிருந்தான். வேர்த்துக் கொட்டும், சோறு இறங்காது, சட்டை தொளதொளவென்று ஆனது. "முடியுதாடா?" என்று டிரைவர் கேட்டால், "முடியுதுப்பா" என்பான். பித்தளைத் தாழ்ப்பாள் மட்டும் பளபளவென்று இருந்தது. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கழற்றினால், உன்னை நம்பவில்லை என்று சொன்னதாகிவிடும். கழற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் தெரியாதவர் கிடையாது. கேள்விக்காரி ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கதவு வரை போனாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெட்டியில் திரும்ப வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். கேள்விக்காரி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் மிஷினில் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். சின்னவன் வெளியிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றினான். பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து குளியலறைக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டான். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். ஒன்று கை தவறி உருண்டு என் காலடிக்கு வந்தது. அதைத் தேடி எடுத்தான். தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் என் பொத்தான் டப்பாவில் போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணி, மிஷினைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றான்.

மிதியிலிருந்து காலை எடுத்தேன். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். நான் கத்திய கத்தில் கேள்விக்காரி ஈரக் கையோடு ஓடி வந்தாள். கதவைப் பார்த்தாள், ஓட்டைகளைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சமையலறைக்குப் போய் ஸ்ப்ரேயை எடுத்து வந்து கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள போய் அந்தப் பொடியைப் பிடுங்கு. என்னடி உக்காந்துட்டே" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"டேய், வேண்டாம்டா. குடுத்துடு. அக்கா கேக்கிறேன்" என்றாள் கதவைப் பார்த்து. உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. "முடியலக்கா" என்றான்.

"பிடுங்கினா வெளிய போவான் அண்ணி" என்றாள் என்னிடம், மெல்ல. "வெளிய யாரு இருப்பா?"

அதற்குள் டிரைவர் ரொட்டியோடு வந்துவிட்டார். எங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ரொட்டியை என் மிஷின் மேல் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரயிலடி?"

பதில் இல்லை. கேள்விக்காரி கதவில் கையை வைத்தாள்.

"மணிக்கூண்டு" என்றது உள்ளேயிருந்து.

"மணிக்கூண்டு?"

"பெரியாஸ்பத்திரி."

"பெரியாஸ்பத்திரி?"

"பாலம்." குரல் தடித்திருந்தது.

"பாலம்?"

ஒன்றும் வரவில்லை. கேள்விக்காரி முழங்காலில் எழுந்துவிட்டாள். ஸ்ப்ரேயின் உறையைக் கிழித்துவிட்டாள். டிரைவர் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு, பஸ்ஸில் பின்சீட்டு வரை கேட்கிற அந்தப் பழைய குரலில் மறுபடி கேட்டார். "டேய், பாலம்?"

"டிப்போ" என்றான் சின்னவன், தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி.

"டிப்போ இல்லடா. டிப்போவுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. பாலத்துக்கு அடுத்து என்ன, அதைச் சொல்லு."

கேள்விக்காரி கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை தொங்கியிருந்தது, உதடு அசைந்தது. அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்த்தாள்.

"சந்தை" என்றான்.

"அதுக்கு அடுத்து?" என்றார் டிரைவர்.